சனிக்கிழமை திறந்திருந்த மின்நூல்

வில்லியனூருக்கு அருகே ஒரு கல்லூரி நூலகத்தின் மின்நூல் தளத்தை நான் பராமரித்தேன். அங்கே ஒரு நூலை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். சனிக்கிழமை காலைகளில் மட்டும் ஒரு மண்ணியல் நூல் யாருக்கும் கிடைப்பதில்லை என்று மாணவர்கள் புகார் சொன்னதால் நேரில் போனேன்.

மூன்றாவது கணினியில் அதைத் திறந்து வைத்திருந்தவர் நூலக உதவியாளர். நரைத்த மீசை, சட்டைப் பையில் இரண்டு மூக்குக்கண்ணாடிகள். சும்மா விட்டால் தளம் நூலை மூடிவிடும் என்பதால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து ஒரு பக்கம் தள்ளினார்.

"நீங்களா சார் இதப் படிக்கிறீங்க?"

"நான் எங்கம்மா படிக்கிறது? திருவாண்டார்கோயில் கம்பெனில வேல பாக்குற பொண்ணு ஒண்ணு ஆராய்ச்சி பண்ணுது. அதுக்கு சனிக்கிழம மட்டும்தான் லீவு. இந்த மாசம் எழுதிக் குடுக்கலன்னா பதிவே போய்டுமாம். பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கிறதில்லையா, அப்டிதான்."

"அப்போ மத்தவங்க?"

"அவங்களுக்கு மீதி அஞ்சு நாள் கெடக்குதேம்மா."

வாசலில் அந்தப் பெண்ணின் தலை தெரிந்ததும் அவர் நூலை மூடிவிட்டு எழுந்துகொண்டார். அவள் உட்கார்ந்து அதைத் திறந்தாள்.

"நல்ல வேள சார், இன்னிக்கும் யாரும் எடுக்கல."

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு அவர் அலமாரிப் பக்கம் போனார்.

என் அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டம் மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது.