பச்சைத் தண்ணி டிரம்

காசிமேட்டில் மீன் விற்கும் தாயம்மா வீட்டில் மீன் வளர்த்தது, அந்தக் குடியிருப்பில் பலருக்கும் பொறுக்கவில்லை. சுனாமிக்கு முந்தின வருஷம் அது. ஒற்றை அறையில், கட்டில் போட வேண்டிய இடத்தில் கண்ணாடித் தொட்டி. உள்ளே, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி.

"கொழம்புக்கும் ஆவாது, கருவாட்டுக்கும் ஆவாது. இன்னாத்துக்குக்கா இது?" என்பாள் எதிர்வீட்டு பவானி.

"உன் புருசன் மட்டும் எதுக்கு ஆவறான்? வெச்சிகினு கீற இல்ல?"

கடல்மீன் வீட்டில் குஞ்சு பொரித்தாலும் பிழைக்காது என்று தொட்டி விற்ற ரஷீது சொல்லியிருந்தார். அந்தச் சொல்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. முதலில் பொரித்தவை கரையோரத் தண்ணீரில் செத்தன. லாஞ்சில் மீன்பிடிக்கப் போகும் புருஷன் மாரியப்பன் அதற்குப் பிறகு ஆழக்கடல் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்தான். அடுத்தவை பட்டினியில் செத்தன. அத்தனை சின்ன வாய்க்குள் எந்தத் தீனியும் நுழையாது. நுழைகிற பூச்சி கண்ணுக்கே தெரியாது. பாசி பிடித்த உப்புத் தண்ணீரில்தான் பெருகும். ரஷீதே எங்கிருந்தோ அந்தப் பூச்சித் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கித் தந்தார். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு டிரம்மை வைத்து அதைப் பெருக்கினாள். நாற்றம் அடித்தது உண்மைதான்.

மூன்றாம் முறை குஞ்சு பொரித்த காலையில் சொம்போடு டிரம்முக்குப் போனாள். மண்ணெண்ணெய் வாடை. கீழ்வீட்டு தண்டபாணி காலிக் கேனோடு நின்றிருந்தார்.

"கொசு மொய்க்குது, ஊத்திட்டேன். உன் மீனு பைத்தியத்துக்கு நாங்க ஜுரத்துல சாவணுமா?"

"கேக்காம ஊத்துவியா நைனா?"

"பொதுப் படி. யாரைக் கேக்கணும்?"

தீனி இல்லாவிட்டால் குஞ்சுகள் நாளை இருக்காது. "வுடுக்கா, போச்சு" என்றாள் பவானி.

தாயம்மா டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். எண்ணெய் மினுங்கியது. மேலே மட்டும்.

"ஆர்பர்ல டீசல் மெதக்காத நாளு எதுடி? அடியில மீனு இல்லியா?"

தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் குழாயையும் ஒரு குடத்தையும் எடுத்துவந்தாள். மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்து, எண்ணெய் உள்ளே ஏறாமல் அடிவரை இறக்கினாள். பிறகு வாய் வைத்து உறிஞ்சினாள். உப்பும் பாசியும் வாய்க்குள் வந்தன. தண்டபாணியின் காலருகே துப்பினாள். குடத்தில் பச்சைத் தண்ணீர் இறங்கியது. எண்ணெய் குழாயின் அடிமுனையை நெருங்குமுன் உருவிவிட்டாள்.

மதியம் பார்த்தபோது, குஞ்சுகளின் கண்ணாடி போலிருந்த வயிறுகள் தீனியில் புடைத்திருந்தன.

இருந்தும் பாதிக்கு மேல் செத்தன. மிச்சத்தின் உடம்பில் வெள்ளைப் பட்டை விழத் தொடங்கிய வாரம், சோப்புப் போட்டுக் கழுவிய டிரம்மை அதே திருப்பத்தில் வைத்தாள். பக்கத்தில் இன்னொன்றையும் இறக்கினாள். தண்டபாணி வழியை அடைத்து நின்றார்.

"ஒத்து நைனா. கடல்தண்ணி கேன் வந்துகினு கீது."