மியூசியத்தில் மாட்டியிருந்த அப்பா

அப்பா வேலை தேடிப் போய் இரண்டு வருஷமாக ஒரு தகவலும் இல்லாதிருந்தபோது, மதுரையிலிருந்து மாமா போன் செய்தார். "அக்கா, மச்சான் போட்டோவ இங்க மியூசியத்துல பெருசா மாட்டியிருக்காக. ஞாயித்துக்கிழமை வரைக்குந்தான் இருக்குமாம்."

உடைந்த சிலையும் துருப்பிடித்த வாளும் இருக்கிற இடத்தில் இவருக்கு என்ன வேலை என்று உசிலம்பட்டியில் எங்கள் தெருவே பேசித் தீர்த்தது. அம்மா மறுநாள் காலை நல்ல சேலை உடுத்தி, தலை நிறையப் பூ வைத்து, எனக்கும் வைத்துவிட்டு பஸ் ஏற்றினாள். படம் அவர் போன பிறகு எடுத்தது என்றால் ஆள் எங்கேயோ உயிரோடு இருக்கிறார். அவளுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கு எட்டு வயது. ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

கூடம் முழுக்க மாட்டுச் சந்தைப் படங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை. அப்பா கதவளவு உயரத்துக்கு நின்றிருந்தார். தோளில் துண்டு, கையில் பிடிகயிறு. கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் அவர் முன்னால் நின்று, முகத்தில் வெளிச்சம் எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படத்தின் கீழே எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அம்மா மேசையில் இருந்த பெண்ணிடம் போனாள்.

"இது எப்ப எடுத்தது தாயி?"

அவள் ஒரு தாளைப் பார்த்து மாதமும் வருஷமும் சொன்னாள். நாங்கள் காளையை விற்ற தை மாதம். அப்பா வீட்டில் இருந்த காலம்.

"நல்லாப் பாரும்மா."

அவள் மறுபடியும் பார்த்தாள். அதேதான்.

இதற்குள் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். நான் போன வீடுகளில் எல்லாம் சுவரில் தனியாக நிற்கிற ஆட்களுக்குப் பூ உண்டு. அப்பா மட்டும் மொட்டையாக நின்றார். காவலாளியின் ஸ்டூலில் ஏறி, என் தலைப் பூவை எடுத்துச் சட்டத்தின் மூலையில் மாட்டிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கை கூசுகிறது.

காவலாளி ஓடிவந்தார். "யாரு பிள்ளைம்மா இது? அத எடுக்கச் சொல்லுங்க."

வீட்டிலிருந்த அப்பா படத்துக்கு ஒரு மாலை போட்டுவிடச் சொன்ன பெரியப்பாவோடு பேச்சையே நிறுத்தியவள் அம்மா. அதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பூவை எடுக்கக் கையை நீட்டினாள். தொட்டாள். எடுக்கவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்ணே."

அவர் அம்மாவையும் படத்தையும் பார்த்துவிட்டு, ஸ்டூலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அடி விழவில்லை என்பதில் எனக்கு நிம்மதி.

திரும்பும் பஸ்ஸில் அம்மா தன் தலைப் பூவை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். என் பூ அப்பாவிடம் போய்விட்டதால் அதை எனக்கு வைத்துவிடப்போகிறாள் என்று நினைத்தேன். உசிலம்பட்டி வரும்வரை பின்னலை அவள் பக்கம் காட்டியபடியே உட்கார்ந்திருந்தேன்.