என்ன வேலை பார்த்தாரு?

ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வைத்தவர் அவள் வீட்டுக்காரர்தான். செத்தவனைக்கூடப் பேசியே எழுப்பி உட்கார வைத்துவிடுவாள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அந்த வாய்க்கும் ஒரு வேலை கிடைத்தது. சில மதியங்களில் கடையை அவரிடம் விட்டுவிட்டு, தொண்டர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுவாள். அடிபட்டவர்கள் உள்ளே போனதும் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறவர்களுக்குத் துணையாக உட்கார வேண்டும். பயிற்சியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். உயிர் போன செய்தியை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதுவரை உங்களுக்கு எதுவும் தெரியாது.

அன்று லாரி மோதிய ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். தகவல் கேட்டு ஓடிவந்த மனைவி சின்னப் பெண். வீட்டுச் சாவியை விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்காகத் தண்ணீர் பிடிக்கப் போன அக்காவைப் பார்த்து நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். டாக்டர் இன்னொரு கேஸை முடித்துவிட்டு வந்து சொல்வாராம்.

அக்கா திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் அவள் ஏன் ரேடியோ ஆகிறாள்?

“உங்க வீட்டுக்காரர் என்ன வேலைம்மா பார்த்தாரு?”

அந்தப் பெண் மெல்லத் திரும்பினாள். “பார்த்தாருன்னா?”

அக்கா தண்ணீரை அவசரமாக அவளிடம் நீட்டினாள். “வாய் தவறிடுச்சும்மா. பாக்குறாருன்னுதான் கேட்டேன்.”

அந்தப் பெண் நம்பிவிட்டாள். ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது என்று சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள். அவர் லிப்ட் ரிப்பேர் பார்க்கிறாராம். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் ‘இதோ, ரெண்டே நிமிஷம்’ என்பாராம், ஒரு மணி நேரம் ஆனாலும் அதே ரெண்டு நிமிஷம்தானாம். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். டாக்டர் வந்துவிடக் கூடாது என்றும், இப்போதே வந்துவிட வேண்டும் என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டாள்.

டாக்டர் வந்தார், சொன்னார், போனார்.

அக்கா மாடிப்படிக்கு அடியில் போய் நின்றாள். உண்மையைச் சொல்ல உரிமை இல்லை, சரி. பொய் சொல்ல யார் உரிமை கொடுத்தது? அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பின்வாசலுக்கு நாலு எட்டுதான். ஆனால் அந்தப் பெண்ணின் ஆட்கள் யாரும் இன்னும் வந்து சேரவில்லை. இப்போது விட்டுவிட்டுப் போனால் அது மூன்றாவது தப்பு. திரும்பி நடந்தாள்.

“உங்களுக்கு அப்பவே தெரியும்ல?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“தெரியும்மா.”

“நான் சிரிச்சேனே. பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?”

மன்னிச்சிடும்மா என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அந்தப் பெண்தான் இவளைத் தேற்ற வேண்டியிருக்கும். விழுங்கிக்கொண்டாள்.

பெஞ்சில் கிடந்த அந்தப் பெண்ணின் போன் அடித்தது. அவள் வீட்டுக்காரருடைய அம்மா. அக்காவின் கை பழக்கத்தில் நீண்டது.

“நீங்க பேச வேண்டாம். அத்தைகிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்றாள் அந்தப் பெண். “எடுத்து மட்டும் பிடிங்க. கை நடுங்குது.”

அக்கா போனை அவள் காதருகே பிடித்துக்கொண்டாள்.