மதனவதியம்மாள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்

காஞ்சிபுரத்தில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் என்றால் பரசுராமன். அது நான்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஒரு வாய் குடித்துப் பார்த்தே எந்தத் தெருக் கிணறு என்று சொல்லிவிடுவேன். நுழைந்த வீட்டில் மெஷின் மாட்டாமல் நான் திரும்பியதில்லை. மதனவதியம்மாள் வீட்டுக்குள் மட்டும் இரண்டு முறை நுழைய வேண்டியதாயிற்று.

திருப்பருத்திக்குன்றத்துச் சமண வீடு. கிணற்றுத் தண்ணீரை மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார் அம்மாள். துணியில் தங்கியதைத் திரும்பக் கிணற்றிலேயே அலசி விடுவார், அதுவும் உயிராயிற்றே. கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார். பேச்சில் மட்டும் யாருக்கும் இரக்கம் கிடையாது.

மருமகள் நித்யா சென்னைப் பெண். ஒருநாள் சொல்லிவிட்டாள்: "அத்தை, இந்தத் தண்ணியில சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது. முடி கொத்துக் கொத்தா கொட்டுது. இது மாறலன்னா நாங்க தாம்பரம் போயிடுறோம்." இருப்பது ஒரே மகன். அம்மாள் அப்போதே எனக்குப் போன் போட்டார்.

கடையிலேயே உசத்தியானதைத் தூக்கிக்கொண்டு போனேன். "உள்ள லைட்டு எரிஞ்சிக்கினே இருக்கும்மா. கிருமி ஒண்ணுகூட உயிரோட வெளிய வராது!" என்று முழங்கினேன்.

அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் வீட்ல கசாப்புக்கடை வெக்க வந்தியாப்பா? எடுத்துக்கினு கெளம்பு."

வேறொருவன் அத்தோடு போயிருப்பான். நான் மறுநாளே உப்பு போடும் மெஷினோடு போய் நின்றேன்.

"இதுல யாரும் சாவறதில்லம்மா. தண்ணியில கரைஞ்சு நுரையக் கெடுக்கிற சுண்ணாம்பு மட்டும் உள்ள நின்னுடும். குளிக்க, தொவைக்க இது. குடிக்கிறதுக்கு உங்க துணியே இருக்கட்டும்."

"உப்பு எதுக்கு?"

"நிக்கிற சுண்ணாம்பக் கழுவித் தள்ள."

"கழுவுன உப்புத் தண்ணி எங்க போவும்?"

"பின்னால தோட்டத்துக்கு."

"அங்க எறும்புப் புத்து இருக்குதேப்பா!"

இப்படி ஒரு கேள்வியைக் கம்பெனிக்காரன்கூடக் கேட்டதில்லை. பைப்பைத் தோட்டத்தைச் சுற்றி இழுத்துத் தெருச் சாக்கடையில் விட்டேன். சாக்கடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்பதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

நித்யா தலை குளிக்கப் போனாள். அம்மாள் குளியலறைக் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வழக்கமா இந்நேரம் தண்ணிக்குத் திட்டு ஆரம்பிச்சிருக்கும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

கதவு திறந்தது. தலையில் துண்டோடு நித்யா.

"அத்தை, துளிதான் ஷாம்பு போட்டேன், அவ்வளவு நுரை! போன வாரம்தான் பெரிய பாட்டில் வாங்கினேன். இனிமே அது எப்போ தீர்றது?"

"தீர்ற வரைக்கும் இங்கயே இரும்மா" என்றார் அம்மாள்.

அடுத்த பாட்டில் என் செலவு என்று நானும் சொல்லிவைத்தேன்.