கொழும்பில் ஆரோ ஓர் ஆள்

பாசிக்குடா ஹோட்டலில் அன்றைக்குப் பதினாறு கட்டில்களின் மெத்தையைத் தூக்கி விரிப்பு மாற்றிவிட்டு, ஒரு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்கிறேன். முகம் கழுவலாம் என்று கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளினால், அம்மா ஓடிவந்து கயிற்றைப் பிடுங்குகிறார். "ஐயோ, விடு மகள்! ஒத்தைக் கிட்னியோட பாரம் தூக்கிறதா?" வந்த ஆத்திரத்தில் வாளியைக் கயிற்றோடு கிணற்றுக்குள்ளேயே போட்டுவிட்டேன். பிறகு கொக்கி போட்டு அதை எடுத்ததும் நான்தான்.

நான் நோயாளி இல்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் ஊரில் ஒருவர் காதிலும் ஏறுவதில்லை. நான்கு வருடங்களுக்கு முன் என் அண்ணனுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தேன், அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் கட்டியதும் மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். தங்கச்சிக்கு வீடு கட்டி முடிக்காமல் அண்ணன்மார் தங்கள் கலியாணப் பேச்சை எடுப்பதில்லை. அண்ணனும் ஐந்து வருடம் கட்டாரில் வேலை பார்த்து வெயிலில் வெந்து, எனக்கு இந்த வீட்டைக் கட்டித் தந்துவிட்டுத்தான் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் கலியாணம் கட்டினார். பிள்ளை பிறந்த வருடமே அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. என்னுடையது பொருந்தியது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் போய்ப் படுத்தேன்.

மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். "மிச்சமிருக்கிறது ரெண்டின்ட வேலையையும் பாத்துக்கொள்ளும், நீங்க உங்கட வேலையப் பாருங்க" என்று டொக்டர் சிரித்துக்கொண்டே அனுப்பினார். வருடத்துக்கு ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் சோதிக்கிறேன், பிரஷர் பார்க்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன், தலையிடி என்று கண்ட மாத்திரையை விழுங்குவதில்லை. மற்றப்படி சோறு, மீன், தயிர், சண்டை எல்லாம் வழமைபோல.

ஆனால் அண்ணன் உழவு மெஷின் ஓட்டினால் "என்ன தைரியம் பாத்தியா!" என்கிறார்கள். நான் சைக்கிள் ஓடினால் "பாவம் புள்ள" என்கிறார்கள். சித்தி ஒருநாள், வெட்டினால் நட்சத்திரம்போல இருக்குமே அந்தக் காமரங்காயைப் பிழிந்து ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்தார். கிட்னியைக் கழுவுமாம்! கிளினிக்கில் நேர்ஸ் விரலை ஆட்டி ஆட்டி வேண்டவே வேண்டாம் என்ற முதல் சாமான் அதுதான். "இதக் குடிச்சா இரிக்கிற ஒண்டும் போயிரும் சித்தி" என்று சொல்லித் தென்னையடியில் ஊற்றினேன். நல்லது செய்ய வந்தவரை அவமதித்துவிட்டேன் என்று அவர் இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

சரி, ஒரு வாளி தூக்கக்கூடாத இந்த நோயாளி, கலியாணப் பேச்சு தொடங்கியதும் ஒரே நாளில் சுகமாகிவிட்டேன். பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது எங்கள் வழக்கம். அம்மாவும் மாமாவும் தேற்றாத்தீவில் ஒரு வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள்.

"கிட்னி விசயம் சொன்னீங்களா?"

"அது இப்ப எதுக்கு மகள்? தழும்ப ஆரும் கேட்டா அப்பெண்டிக்ஸ் எண்டு சொல்லு."

வீட்டுக்குள் நான் உடைந்த சட்டி. வெளியே கீறல் விழாத புதுப்பானை. என்ன மனிதர்கள் இவர்கள்! மாப்பிள்ளை வீட்டாருக்கு உண்மை தெரியாமல் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அம்மா பயந்துபோய், "அண்ணன் சொல்லுவான், நீ வாயத் திறக்காத" என்றார். அண்ணனும் தலையாட்டினார். நம்பினேன். அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, அதை ஏன் மறைப்பது? கோவில் திருவிழாவில் ஒரு தரம் கண்டிருக்கிறேன். தாயின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கூச்சமில்லாமல் கூட்டத்தில் நின்றார்.

அவர் வந்து வாழப்போகும் வீடு என்பதால், தாயையும் தாய்மாமனையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்க வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், குசினியில் அடுப்படியைப் பார்த்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு வரும்போது தாய் அண்ணனிடம் கேட்டார்: "உங்களுக்குக் கிட்னி மாத்தினதாமே தம்பி. இப்ப சுகமா? ஆர் தந்த?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஓம் அம்மா, நல்ல சுகம். கொழும்புல ஆரோ ஒரு ஆள். பேரும் தெரியா."

தட்டை மேசையில் வைத்தேன்.

"நான்தான் குடுத்தன். நாலு வருசமாச்சு. எனக்கும் நல்ல சுகம்."

"சும்மா பகிடிக்குச் சொல்றா" என்று அம்மா சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. தாய்மாமன் அம்மாவிடம் கேட்டார்: "ஒத்தைக் கிட்னியோட புள்ள பெற ஏலுமா?"

"ஏலும். என்ட உடம்பு, என்னட்டக் கேளுங்க" என்றேன்.

மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார். மூவரும் தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, பிறகு ஆள் அனுப்புகிறோம் என்று எழும்பிப் போனார்கள். ஆள் வரவே இல்லை.

அவர்கள் வந்த வான் வண்டி எங்கள் ஒழுங்கை முனையைத் தாண்டியதும் அண்ணன் என்மேல் பாய்ந்தார். "உன்ட நன்மைக்குத்தான் புள்ள சொன்னன்! ஒரு சின்னப் பொய்தானே? நீ வாய மூடிக்கொண்டிருந்தா எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்!"

கன்னம் நிறைந்து, நல்ல நிறமாக இருந்தது அவர் முகம். ஊதி வெளிறிப்போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அதே முகம். நான்கு வருடமாக அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். அன்றைக்கு அதில் ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது.

"கிட்னியத் தந்தன் அண்ணா," என்றேன். "தந்தது நான் எண்டதையும் சேத்துத் தரமாட்டன். அது என்ட."