செல்லாயியின் வயிற்றுக்கு அடியில்

மலாயாவில், ஈப்போவில் ஒரு காலத்தில் மிருகத் தோட்டம் ஒன்று இருந்தது. லகாட்டுக்குப் போகும் சாலையில், ஈயம் தோண்டிய குட்டைகளைத் தாண்டி. ஈயத்தில் பணம் பார்த்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், தன் பெருமைக்காக ஆரம்பித்தது. முதலில் இரண்டு கரடியும் ஒரு மலைப்பாம்பும்தான். பிறகு மான் வந்தது, புலி வந்தது, கடைசியில் யானையும் வந்தது. ரொம்ப வருஷம் நடந்தது. பழைய ஆட்களைக் கேட்டால் புலியைச் சொல்வார்கள், தவுக்கேயின் மோட்டார் காரைச் சொல்வார்கள். யானைக்குப் புல் அறுத்துப் போட்டவளை யார் சொல்லப் போகிறார்கள்? அவள் என் பெரியம்மா, அம்மாவுக்கு மூத்தவள், பெயர் இருளாயி. அதனால் நான் சொல்கிறேன்.

பெரியம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். பெரியப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் கங்காணியின் வாயும் பார்வையும் பொறுக்காமல் மிருகத் தோட்டத்து வேலைக்கு மாறினாள். இருந்தது என்னவோ தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில்தான், எங்கள் வீட்டில். விடிந்ததும் நடந்து போவாள், சாயங்காலம் யானை வாடையோடு திரும்புவாள். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு கேலி செய்வாளாம்.

அந்த யானை காட்டில் பிடித்தது. மரம் இழுத்து ஓய்ந்த பிறகு தவுக்கேயிடம் வந்தது. முதலில் இருந்த மலாய்க்காரப் பாகன் அதை மெலாத்தி, அதாவது மல்லிகை, என்று கூப்பிட்டான். நம் ஆட்கள் விடுவார்களா? செல்லாயி என்று பெயர் வைத்து, நெற்றியில் விபூதி பூசி, பிள்ளையாராகவே ஆக்கிவிட்டார்கள். கோயில் வாசலில் மணி ஆட்டிக்கொண்டு நிற்கிற யானை வேறு, மரத்துக்கும் சங்கிலிக்கும் அடிபட்ட காட்டு யானை வேறு. அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? கடல் தாண்டி வந்த இடத்தில் ஒரு யானையைக் கண்டதும் கை தானாகக் குவிந்துவிட்டது. அதற்காக அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

பயந்த பிள்ளையை யானை வயிற்றுக்கு அடியில் மூன்று தடவை நுழைத்து எடுத்தால் பயம் தெளியும் என்பது ஊரிலிருந்து கூடவே வந்த நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து தாய்மார்கள் வாழைப்பழத்தோடு வந்து நிற்பார்கள். பாகன் போன பிறகு யானையை அண்டியவள் பெரியம்மா ஒருத்திதான். இந்தப் பக்கம் குனிந்து அவள் பிள்ளையை நீட்டுவாள், அந்தப் பக்கம் தாய் வாங்கிக்கொள்வாள். இருளாயி கைராசிக்காரி என்று காம்பார் வரைக்கும் பேச்சு. பெரியம்மாவுக்கும் அதில் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை அடியில் இருக்கும்போது செல்லாயி கால் மாற்றி வைத்தது. சங்கிலி உரசி அதன் பின்னங்காலில் புண் வைத்திருந்தது. வலி பொறுக்கவில்லை போலிருக்கிறது. பெரியம்மா பிள்ளையை வெடுக்கென்று இழுத்துவிட்டாள். அவள் முந்தானை யானைக் காலுக்கடியில் மாட்டிக் கிழிந்தது. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை, குலவை போட்டார்கள். பெரியம்மா மட்டும் கிழிந்த முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அன்றோடு பிள்ளைகளை நுழைப்பதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த வாரமே எங்கள் லயத்து நவமணி வந்தாள். லயத்தில் காட்டுப் புலி புகுந்து ஆட்டைத் தூக்கிப் போன அன்று அவள் மகள் மாரியம்மா அலறியவள்தான், அதிலிருந்து காய்ச்சல், தூக்கித் தூக்கிப் போட்டது.

“அக்கா, ஒரே ஒரு தடவ. ஒன் கையால.”

“வேணாம் நவமணி. அதுக்குக் கால்ல புண்ணு. மிதிச்சிரும். வா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம், நான் தூக்கிட்டு வாரேன்.”

“தோட்டத்து டிரெஸர் குடுத்த கசப்பு மருந்தெல்லாம் குடுத்தாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போன புள்ள எது திரும்பி வந்திருக்கு? ஊரு புள்ளைக்கெல்லாம் செஞ்ச, எம்புள்ளைக்கு மட்டும் மாட்டியா?”

டிக்கெட் கொடுக்கிற கணக்குப்பிள்ளை, கிராணி உடையப்பனும் சேர்ந்துகொண்டார். “கூட்டமே இதுக்குத்தானே வருது, செஞ்சு விடேன்லா!” என்றார். பெரியம்மா யானைக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டாள். நவமணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதபடியே போனாள்.

அந்த வாரம் முடியுமுன் மாரியம்மா செத்துப்போனாள்.

அதன் பிறகு பெரியம்மாவுக்கு லயத்தில் நடமாட முடியவில்லை. குழாயடிக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். கிராணி யானையைப் பிச்சைமுத்து என்பவனிடம் ஒப்படைத்து, இவளை மான் கொட்டகைக்கு மாற்றினார். பிச்சைமுத்துவுக்கு எதைக் கண்டும் பயம் கிடையாது. மறுபடி வாழைப்பழம், மறுபடி குலவை. ஞாயிறு தவறாமல் பிள்ளைகள் அடியில் போய் வந்தார்கள். புண் ஆறவும் இல்லை, செல்லாயி ஒரு பிள்ளை மீதும் கால் வைக்கவும் இல்லை. அது சாகிற வரைக்கும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் உண்மை. நான் பார்த்தவரை ஊர் வாயை அடைக்க ஒரு விபத்து போதும். அது நடக்காதபோது நியாயம் சொன்னவள்தான் குற்றவாளி.

இரண்டு வருஷம் கழித்து நவமணி அடுத்த பிள்ளையோடு வந்தாள். கைக்குழந்தை, ஆண். பெரியம்மா தழைக்கட்டோடு மான் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிச்சைமுத்து குனிந்து பிள்ளையை நீட்டினான். முதல் தடவை. இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை நவமணி அந்தப் பக்கம் பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். திரும்பும்போது பெரியம்மாவைக் கண்டு நின்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லையாம்.

“பாத்தியாக்கா? ஒண்ணும் ஆகல.”

பெரியம்மா தழையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். உச்சி வெயிலில் திரும்பி வந்தவளைப் பார்த்து அம்மா பதறிப்போய் என்ன என்று கேட்டாள். நவமணி ஏதும் சொன்னாளா, கிராணி ஏசினாரா என்று கேட்டாள். அதெல்லாம் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து பெரியம்மா சொன்னாள்:

“புள்ள அடியில இருக்குடி. பச்சப்புள்ள. அந்த யான இப்பக் காலத் தூக்கி வைக்கட்டும்னு நான் நெனச்சேன்.”