உருகாத ஈயத்தாள்

செவ்வாய்க்கிழமை பதுளையிலிருந்து வந்த பஸ்ஸின் கொண்டக்டர், தபால் பையோடு செய்தியையும் இறக்கினார். எங்கள் மடுல்சீமைத் தோட்டத்தின் மின்சார வேலைகளைப் பார்த்துவந்த சோலைமலை காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். மாலையில் தோட்டத்து ஆபீசான கந்தோரில் இரங்கல் கூட்டம் நடந்தது. அவர் ஒருநாளும் உட்காராத கதிரைகளில் உட்கார்ந்து அவரைப் புகழ்ந்தோம். நான் பேசவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருடைய வீட்டுப் பியூஸை அவர் திறந்து பார்த்திருப்பார். உள்ளே, மின்சாரம் மிஞ்சினால் உருகி அதை நிறுத்தும் மெல்லிய கம்பி இருக்காது. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாள்தான் மடித்துச் செருகியிருக்கும். நாமெல்லாம் படித்தவர்கள், தொழிற்சாலையில் ஈயத்தாளுக்கும் பஞ்சமில்லை. அவர் அதை உருவி, உரியவர் கையிலேயே மரியாதையாக வைப்பார்.

ஒருமுறை தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் பங்களாவில் மின்சார அடுப்பையும் துணி தேய்க்கும் அயனையும் ஒன்றாகப் போட்டுப் பியூஸ் போய்க்கொண்டே இருந்தது. "போகாத கம்பி போடு" என்றார் துரை.

"அது சாகுறதுக்குன்னே வச்ச கம்பிங்க தொரை. அது சாகலன்னா வேற யாராச்சும் சாகணும்."

துரை சிரித்தார். நானும் அதே அளவு சிரித்தேன்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன், ஞாயிறு பகல், நல்ல மழை. உத்தியோகத்தர் கிளப்பில் ரேடியோ பாதிப் பாட்டில் நின்றது. கம்பி மாற்றினோம், மறுபடி நின்றது. மூன்று தரம். கூரை ஒழுகி, பலகை மச்சுக்கு மேலே நனைந்த வயர்கள் ஒன்றையொன்று தொட்டிருந்தன. பியூஸ் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"சோலைமலையைக் கூப்பிடுவம்" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"அவன் வந்தால் பிரசங்கம் வைப்பான்" என்று சொல்லி, நான் ஈயத்தாளை எட்டாக மடித்துச் செருகினேன்.

பாட்டு ஈனஸ்வரத்தில் வந்தது. பிறகு மச்சிலிருந்து புகை வந்தது.

கிளப்பில் இருந்த ஏழு பேரும் வெளியே ஓடிக் குடை பிடித்து நின்றோம். மெயின் சுவிட்ச் உள்ளே இருந்தது. மின்சாரமே இல்லாத தன் லயத்து வீட்டிலிருந்து சோலைமலை ஓடிவந்தார். எங்களிடம் எதுவும் கேட்காமல் உள்ளே போனார். சுவிட்சை இழுத்துவிட்டார், எரிந்த பலகைகள் அதற்குப் பிறகுதான் அவர்மேல் விழுந்தன.

மறுநாள் ஆஸ்பத்திரியில் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"கிளாக்கரய்யா, பியூஸ் போச்சுங்களா?"

"ஓம், போயிட்டுது."

"அப்ப சரிங்க. யாரு மேலயும் தப்பில்ல."

விசாரணை அறிக்கையை நானே டைப் அடித்தேன். பியூஸ் சேதமின்றி இருந்ததாக அதில் இருக்கிறது. உண்மைதான். விசாரணைக்கு வந்த யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

அந்த ஈயத்தாள் என் மேசையில் இருக்கிறது. ஓரம்கூட உருகவில்லை. இந்த முறை அதை நானேதான் உருவி எடுக்கவேண்டியிருந்தது.